ரிஃப்ராக்டோமீட்டர் பூஜ்யம் காட்டினால் மட்டும் போதாது

கடல்மீன் தொட்டியில் மீன் மட்டும் இருந்தால், உப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். இறால் போன்றவை சேர்ந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. கடலின் அளவான 35 பிபிடியை (கிலோ தண்ணீருக்கு 35 கிராம் உப்பு) ஒட்டியே நிறுத்த வேண்டும்.

ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்: டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டு, கோடு பூஜ்யத்தில் நிற்கும்படி ஸ்க்ரூவைத் திருகி, கருவி சரியாகிவிட்டது என்று நம்புவது. மலிவு விலைக் கருவிகள் பலவற்றின் அளவுகோல் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்காகப் போட்டது, கடல்நீருக்காக அல்ல. மெக்னீசியம், சல்பேட் எல்லாம் கலந்த கடல்நீர் ஒளியை வேறு அளவில் வளைக்கிறது. அதனால் பூஜ்யத்தில் கச்சிதமாக நிற்கும் கருவி, 35 பிபிடி கடல்நீரை ஏறத்தாழ 36.5 என்று காட்டும். அதை நம்பித் தண்ணீர் ஊற்றினால் தொட்டி 33.5 பக்கம் இறங்கிவிடும்.

நாம் அளக்கப்போவது 35 பக்கத்தில் என்றால், ஸ்க்ரூவையும் அங்கேதான் திருக வேண்டும். 35 பிபிடி கரைசல் கடையில் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம்: 73 கிராம் தூள் உப்பு, 1,927 கிராம் டிஸ்டில்டு வாட்டர். இரண்டையும் தராசில்தான் நிறுக்க வேண்டும். ஸ்பூன் கணக்கு உதவாது. கிராம் மட்டும் காட்டும் சமையலறைத் தராசில் சிறு அளவை நிறுத்தால் பிழை பெருகும், அதனால்தான் இரண்டு கிலோ. தூத்துக்குடிக் கல்லுப்பு பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். அதில் ஈரம் இருக்கும், எடை ஏமாற்றும். இந்தக் கரைசல் 35 பிபிடி கடல்நீர் அளவுக்கே ஒளியை வளைக்கும், அதனால் இதை விட்டதும் கோடு 35-இல் நிற்க வேண்டும். மூடி இறுக்கமாக இல்லாத பாட்டிலில் வைத்தால் தண்ணீர் ஆவியாகி, கரைசலே பொய்யாகிவிடும்.

தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும் ஹைட்ரோமீட்டருக்கும் இதே கரைசல் ஆகுமா? ஆகாது. 35 பிபிடி கடல்நீரின் ஒப்படர்த்தியான (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.0264 வர, ஒரு கிலோ கரைசலில் 37.1 கிராம் உப்பு வேண்டும். கண்ணாடி ஹைட்ரோமீட்டரின் தண்டில் ஒரு வெப்பநிலை அச்சிட்டிருக்கும், அதைப் பலரும் பார்ப்பதே இல்லை. 15.6 டிகிரிக்கு என்று செய்த கருவியை 28 டிகிரி தண்ணீரில் விட்டால் 0.003 அளவுக்குக் குறைத்துக் காட்டும்; அதாவது 4 பிபிடி போச்சு. முள் ஆடும் பிளாஸ்டிக் வகையில் ஒட்டும் காற்றுக் குமிழியும் படியும் உப்பும் கூடுதல் தலைவலி.

தானே வெப்பத்தைச் சரிசெய்யும் ரிஃப்ராக்டோமீட்டர் என்பதாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அந்த வசதி பொதுவாக 10 முதல் 30 டிகிரி வரைதான். சித்திரை வெயிலில் நம் ஊர் வீட்டுக்குள் மதியம் வெப்பம் 30-க்குள் எங்கே நிற்கும்? காலையிலேயே அளந்துவிடுங்கள். சொட்டு விட்டு அரை நிமிடம் பொறுங்கள். ஃபேனுக்குக் கீழே அதற்கு மேல் பொறுத்தால் சொட்டு வற்றி அளவு ஏறும்.

குடிநீரில் கரைந்த உப்பைப் பார்க்க ஆர்.ஓ. மெக்கானிக் வைத்திருக்கும் டிடிஎஸ் பேனாவால் தொட்டித் தண்ணீரை அளக்க நினைக்க வேண்டாம். அதன் அளவு சாதாரணமாகப் பத்தாயிரம் பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முடிந்துவிடும், கடல்நீர் 35,000. டிஸ்டில்டு வாட்டர் இல்லாதபோது ரிஃப்ராக்டோமீட்டரில் பூஜ்யம் பார்ப்பதற்குத் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் ஆபத்துக்குப் பரவாயில்லை. உவர்ப்பான போர் தண்ணீர் கூடவே கூடாது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருந்தாலே ஒரு பிபிடி தவறிவிடும்.

அப்புறம், எப்போது அளக்கிறோம் என்பது. மேல்காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் சரசரவென்று குறையும். 100 லிட்டரில் 5 லிட்டர் ஆவியானால் 35 என்பது 36.8 ஆகிவிடும். போனது வெறும் தண்ணீர், உப்பு அல்ல. ஆகவே நல்ல தண்ணீரால் நிரப்பி, நன்றாகக் கலந்த பிறகு அளக்க வேண்டும். உவரிக் கடற்கரையிலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவருபவர்கள் ஒவ்வொரு கேனையும் தனியாக அளக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீர் 35-ஆக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.