அடிக்கடி ‘ஆஃப்லைன்’ ஆகும் வைஃபை பிரிண்டரைச் சரிசெய்வது எப்படி?

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு அக்காவிடமிருந்து போன். “டேய், பிரிண்டர் திரும்பவும் ஆஃப்லைன்னு காட்டுது. பாப்பாவோட ஹால் டிக்கெட் எடுக்கணும், காலையில ஏழரைக்கு வேன் வந்துரும்.” அன்று மதியம் அவர்கள் தெருவில் இரண்டு முறை கரண்ட் போய் வந்திருக்கிறது. அக்காவும் கம்ப்யூட்டரில் பிரிண்டரின் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்த்துவிட்டார். முதல் தடவை வேலை செய்ததாம். கரண்ட் மறுபடி போய் வந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். டிரைவர் மேல் தப்பே இருக்காது. கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் முகவரி பழையதாகிவிட்டிருக்கும், அவ்வளவுதான்.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கிறது. அதுதான் ஐபி முகவரி. பிரிண்டருக்கு 192.168.1.5 கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது சொந்த வீடு இல்லை, வாடகை வீடு மாதிரி. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்தான். கரண்ட் போய் வந்தால், யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதையே பல ரவுட்டர்கள் மறந்துவிடும். அப்போது முதலில் வந்து சேர்ந்த செல்போனுக்கு 5 போய்விட்டால், பின்னால் வரும் பிரிண்டருக்கு 8 கிடைக்கும். கம்ப்யூட்டரோ இன்னும் 5-ஆம் எண் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். பதில் வராததால் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். டிரைவரைப் புதிதாகப் போடும்போது அது புது எண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அப்போதைக்குச் சரியானது போலத் தெரிகிறது.

முதல் படி: எது அறுந்திருக்கிறது என்று பாருங்கள்

பிரிண்டரில் வைஃபை விளக்கு நிலையாக எரிகிறதா, சிமிட்டுகிறதா? பெரும்பாலான மாடல்களில் நிலையாக எரிந்தால் பிரிண்டர் ரவுட்டரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், பிரிண்டரின் மெனுவில் போய் நெட்வொர்க் அறிக்கையை ஒரு தாளில் அச்செடுங்கள். திரை இல்லாத மாடல்களில் இதற்கென ஒரு பொத்தான் இருக்கும், கூட வந்த கையேட்டைப் பாருங்கள். இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், கடைசி வரை தேவைப்படும்.

அதில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து பிரிண்டருக்கு எண்ணே கிடைக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம்: ரவுட்டர் முதலில், பிரிண்டர் பிறகு.

192.168 என்று தொடங்கினால், விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) திறந்து, ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் (ping) தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். நேரக் கணக்கோடு நான்கு வரி பதில் வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது, முகவரிதான் கோளாறு. நேராக அடுத்த படிக்குப் போகலாம். பதில் விட்டுவிட்டு வந்தாலோ, வராமலே போனாலோ, சிக்னல் பற்றிக் கீழே சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: பிரிண்டருக்கு நிரந்தர எண்

பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டினால் ரவுட்டரின் பக்கம் வரும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் ரவுட்டருக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே லேன் (LAN) அல்லது டிஹெச்சிபி (DHCP, கருவிகளுக்கு எண் கொடுக்கும் வேலை) என்ற பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்றோ ‘ஸ்டாட்டிக் டிஹெச்சிபி’ என்றோ ஒன்று இருக்கும்.

அங்கே பிரிண்டரின் மேக் (MAC) முகவரியைக் கேட்கும். அது கருவியோடு வரும் அடையாள எண். எண்ணும் எழுத்துமாக, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதிய பன்னிரண்டு குறிகள். நெட்வொர்க் அறிக்கையில் பாருங்கள். கேபிள் செருகும் வசதியும் உள்ள பிரிண்டராக இருந்தால் இரண்டு மேக் முகவரிகள் அச்சாகியிருக்கும். வயர்லெஸ் என்று போட்டிருப்பதையே எடுங்கள். நான் ஒருமுறை மற்றதைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தேடியிருக்கிறேன்.

எதிரே நீங்கள் கொடுக்கப்போகும் எண்ணை எழுதுங்கள். நான் 192.168.1.200 கொடுப்பது வழக்கம். உங்கள் ரவுட்டர் 192.168.0 வரிசையில் இருந்தால் 192.168.0.200. ஏற்க மறுத்தால், டிஹெச்சிபி பக்கத்தில் காட்டும் தொடக்க எண்ணுக்கும் முடிவு எண்ணுக்கும் நடுவே, வேறு கருவி எதுவும் வைத்திராத ஒன்றைக் கொடுங்கள். சேமித்துவிட்டுப் பிரிண்டரை அணைத்துப் போட்டு, அறிக்கையை மறுபடி அச்செடுங்கள். புது எண் வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் படி: கம்ப்யூட்டரிடம் புது முகவரியைச் சொல்லுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, ‘பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்’, அதில் ‘போர்ட்ஸ்’ என்ற தாவலுக்குப் போங்கள். இப்போது டிக் ஆகியிருப்பது டபிள்யூஎஸ்டி (WSD, விண்டோஸ் தானாகவே பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் முறை) என்று தொடங்கினால், பிரிண்டர் தூங்கி எழுந்தாலே இணைப்பைத் தவறவிடும் வாய்ப்பு உண்டு. ‘ஆட் போர்ட்’ அழுத்தி, ‘ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்’ தேர்ந்து, 200-இல் முடியும் அந்த எண்ணைக் கொடுங்கள்.

பிறகு அதே தாவலில் ‘கான்ஃபிகர் போர்ட்’ திறந்து, ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ (SNMP, பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் முறை) என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பிரிண்டர் நன்றாக இருக்கும்போதே ‘ஆஃப்லைன்’ என்று பொய் சொல்ல வைப்பது பல வீடுகளில் இந்த ஒரு டிக்தான்.

ஆப்பிள் கம்ப்யூட்டரும் போன்களும் பெரும்பாலும் பிரிண்டரைப் பெயர் சொல்லியே தேடும். அவற்றுக்கு இந்தப் படி பெரும்பாலும் தேவைப்படாது.

சிக்னல்தான் அறுகிறது என்றால்

வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்யும். ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தால் சில பிரிண்டர்கள் தடுமாறும். ரவுட்டரின் பக்கத்தில் வைஃபை பகுதிக்குப் போய் 2.4-க்கு மட்டும் தனிப் பெயர் கொடுத்து, அதில் பிரிண்டரைச் சேருங்கள். சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் நெரிசல் அதிகம், மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர்கள் சேரவே மாட்டா, டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள்.

இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்திலும் பிரிண்டரை வைக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். அலுவலக லேப்டாப்பில் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள்) ஓடினால், வீட்டுப் பிரிண்டரை அது மறைத்துவிடக்கூடும். துண்டித்துவிட்டு அச்செடுத்துப் பாருங்கள். பிரிண்டர் கெஸ்ட் வைஃபையில் (விருந்தினர்களுக்கான தனி வைஃபை) சேர்ந்திருந்தாலும் மற்ற கருவிகளின் கண்ணில் படாது.

எல்லாம் முடிந்ததும் ரவுட்டரையும் பிரிண்டரையும் வேண்டுமென்றே அணைத்து, இரண்டையும் மறுபடி போட்டு, ஒரு பக்கம் அச்செடுத்துப் பாருங்கள். அக்கா வீட்டில் அப்படித்தான் மெயினையே அணைத்துப் போட்டுப் பார்த்தோம். ஹால் டிக்கெட் பத்தே முக்காலுக்கு வந்தது. அந்த 200-ஆம் எண்ணை ஒரு சின்னத் தாளில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். ரவுட்டரை மாற்றினால் இரண்டாம் படியை மறுபடி செய்ய வேண்டும், அப்போது அது கையில் இருக்கும்.