கொசுவம் ஏன் தரையைத் தொடுகிறது: துணி சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் ப்ளெண்டர் (முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள்) ஃபைலை அனுப்பியிருந்தான். படிக்கட்டில் இறங்கும் பெண், பட்டுப் புடவை; துணியின் அசைவைக் கணினியே கணக்கிடும் சிமுலேஷன். "அண்ணா, டென்ஷனை நூறு வரைக்கும் ஏத்திட்டேன். இன்னும் கொசுவம் ரப்பர் மாதிரி இழுத்துட்டுத் தரைக்குப் போகுது. என்ன செய்ய?" என்று கேட்டிருந்தான். டென்ஷன் என்பது துணி நீள்வதை எதிர்க்கும் அளவு. திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. 7 வருடங்களுக்கு முன் நான் விழுந்த அதே குழி. இந்த வருடத்தில் மட்டும் அதில் விழுந்து என்னிடம் வந்தவர்களில் இவன் நான்காவது ஆள்.

உடம்புக்கு கொலிஷன் (துணி உடம்பில் மோதி நிற்பது) போட மறந்தது, பின் குரூப் (துணியைப் பிடித்து வைக்கும் புள்ளிகள்) தேர்ந்தெடுக்காதது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. துணி கீழே விழுந்துவிடும், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்ணில் படாமல் நாள்கணக்கில் வேலையைத் தின்பவற்றை மட்டும் சொல்கிறேன். எண்கள் பெரும்பாலும் ப்ளெண்டரிலிருந்து.

அளவைச் சரிபார்க்காமல் துணியில் கை வைப்பது

1.6 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தரையைத் தொட அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் கிட்டத்தட்ட 14 ஃப்ரேம். மாயா என்ற மென்பொருளில் 160 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கதாபாத்திரம் செய்து, நியூக்ளியஸில் (மாயாவில் துணியைக் கணக்கிடும் பகுதி) ஸ்பேஸ் ஸ்கேலை (ஓர் அலகு எத்தனை மீட்டர் என்ற எண்) மாற்றாமல் விட்டால், அது அந்த உயரத்தை 160 மீட்டராக எடுத்துக்கொள்கிறது. அதே வீழ்ச்சிக்கு இப்போது 137 ஃப்ரேம் ஆகும். முந்தானை கோயில் கொடி போல மெதுவாக அசையும். பார்ப்பவர் "துணி ரொம்ப லேசாக இருக்கிறது" என்பார், நீங்களும் எடையைக் கூட்டத் தொடங்குவீர்கள். எடையைக் கூட்டினால் விழும் வேகம் மாறாது. மாயாவில் ஸ்பேஸ் ஸ்கேல் 0.01. ப்ளெண்டரில் கண்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள், கதாபாத்திரம் நிஜ மீட்டரில் இருக்கட்டும். அப்புறம்தான் துணி.

ப்ரீசெட்டின் பெயரை நம்புவது

ப்ளெண்டரில் சில்க் ப்ரீசெட்டின் (மென்பொருளே தயாராகத் தரும் எண்கள்) மாஸ், அதாவது எடை, 0.15, காட்டனுக்கு 0.3. அதாவது பட்டு, பருத்தியில் பாதி எடை. எங்கள் வீட்டில் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அம்மாவின் காஞ்சிபுரம் பட்டு 720 கிராம், சுங்குடி 380 கிராம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீள அகலம். நிஜத்தில் கணக்கு தலைகீழ்.

ப்ரீசெட் பொய் சொல்லவில்லை. அது மனதில் வைத்திருப்பது காற்றில் பறக்கும் மெல்லிய பட்டை. காஞ்சிபுரம் முறுக்கிய கெட்டி இழையில் நெய்தது, ஜரிகை வேறு. மடித்தால் மடிப்பு நிற்கும். அதற்கு சில்க் ப்ரீசெட்டின் 0.05 பெண்டிங்கை (மடங்குவதை எதிர்க்கும் அளவு) வைத்தால் நைலக்ஸ் கட்டியது போல உடம்போடு ஒட்டிக்கொள்ளும். எந்தத் துணி வேண்டுமோ அதைக் கையில் எடுத்து, எடை போட்டு, கசக்கிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கடைசி நாளில் மெஷ்ஷை நுணுக்குவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான்.

ஒரு விளம்பரத்துக்காகப் புடவை கட்டிய பெண் திரும்பி நடக்கும் ஷாட். வேகமாகச் சோதித்துப் பார்க்கக் குறைந்த கட்டங்கள் கொண்ட மெஷ்ஷில் (துணியைக் குறிக்கும் கட்ட வலை) மூன்று நாள் உட்கார்ந்து மாஸ், டென்ஷன், பெண்டிங் எல்லாம் சரிசெய்தேன். இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. "இனி மடிப்பு கொஞ்சம் நுணுக்கமாக வந்தால் போதும்" என்றார். இரவு மெஷ்ஷை ஒரு முறை சப்டிவைட் செய்தேன் (ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரிப்பது), வேறு எதையும் தொடவில்லை, கேஷ் (கணக்கிட்ட அசைவின் பதிவு) எழுதவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கொசுவம் பாதத்தைத் தாண்டித் தரைக்குள் கிடந்தது. தோளில் முந்தானை ஈரப் போர்வை போலத் தொங்கியது.

இழுக்கிறதே என்று டென்ஷனை 15லிருந்து 80க்கு ஏற்றினேன். துணி நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் போக குவாலிட்டி ஸ்டெப்ஸை (ஒரு ஃப்ரேமுக்குள் எத்தனை படிகளில் கணக்கிடுவது) 5லிருந்து 20 ஆக்கினேன், கேஷ் எழுதும் நேரம் பல மடங்கானது. மிச்ச நடுக்கத்துக்கு டாம்பிங் (அசைவை மட்டுப்படுத்துவது). இரண்டு நாள் போயிற்று. கடைசியில் நடுங்காத ஒரு துணி கிடைத்தது, ஆனால் அது இயக்குநர் ஒப்புக்கொண்ட புடவை இல்லை.

நடந்தது இதுதான். ப்ளெண்டரில் வெர்டெக்ஸ் மாஸ் என்பது பெயரிலேயே சொல்வதுபோல ஒவ்வொரு வெர்டெக்ஸின் (கட்டங்களின் மூலைப் புள்ளி) எடை, துணி முழுவதன் எடை அல்ல. ஒரு மீட்டர் சதுரத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 20 கட்டம் என்றால் 21 பெருக்கல் 21, 441 வெர்டெக்ஸ். ஆளுக்கு 0.3 கிலோ, மொத்தம் 132 கிலோ. ஒரு முறை சப்டிவைட் செய்தால் 1681 வெர்டெக்ஸ், 504 கிலோ. துணி அதே ஒரு மீட்டர்தான், நீங்கள் எந்த எண்ணையும் மாற்றவில்லை, எடை மட்டும் ஏறத்தாழ நான்கு மடங்கு. டென்ஷன் 15 அந்தப் பாரத்தைத் தாங்காமல் இழுபடுகிறது.

132 கிலோவைப் பார்த்துப் பயந்து நிஜ எடையைப் போட ஓடாதீர்கள். ஸ்டிஃப்னஸ் எண்களும் (டென்ஷன், பெண்டிங் போன்ற விறைப்பு எண்கள்) அதே பெரிய எடைக்கு ஏற்றபடி அமைந்தவை. மாஸை மட்டும் நிஜத்துக்குக் குறைத்தால் துணி அட்டையாகிவிடும். முக்கியம் விகிதம்தான். ஆகவே ஒரு முறை சப்டிவைட் செய்தால் மாஸை நான்கால் வகுத்துவிடுங்கள், 0.3 என்பது 0.075 ஆகும். பழைய தோற்றத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், பெண்டிங்கை மட்டும் சற்றுத் தொட வேண்டியிருக்கும். இன்னும் நல்ல வழி, இறுதி மெஷ் எவ்வளவு நுணுக்கமோ அதை முதல் நாளே முடிவு செய்து அதிலேயே சோதிப்பது. மெதுவாக இருந்தால் முழுப் புடவைக்குப் பதில் ஒரு முழத் துணியில் அதே கட்ட அளவில் சோதியுங்கள். மேற்பரப்பு வழவழப்பாகத் தெரிவது மட்டும் போதுமென்றால் சப்டிவிஷன் மாடிஃபையரை க்ளாத் மாடிஃபையருக்குக் கீழே வையுங்கள். அது சிமுலேஷனுக்குள் போகாது, எடையும் ஏறாது.

இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது. கொசுவத்தில் மடிப்பு நன்றாக விழட்டும் என்று அங்கே மட்டும் கட்டங்களை நெருக்கினால், அந்தப் பகுதி மட்டும் கனமாகிவிடும். தம்பியின் ஃபைலில் இருந்தது அதுதான். மற்ற இடங்களைவிடக் கொசுவத்தில் பக்கத்துக்கு இரண்டு மடங்கு நெருக்கம், அதாவது நான்கு மடங்கு பாரம். நூறு டென்ஷன் என்ன செய்யும்? மெஷ்ஷைச் சீராக்கி டென்ஷனைப் பழையபடி 15க்குத் திருப்பினோம், கொசுவம் கணுக்காலில் நின்றது.

வேறு மென்பொருளில் இந்தத் தவறு வேறு முகத்தோடு வரும். ஹூடினி என்ற மென்பொருளின் துணிக் கருவியான வெல்லம், 2016இல் வெளிவந்த எக்ஸ்பிபிடி என்ற கணக்கீட்டு முறையில் இயங்குவது. அங்கே மெஷ்ஷை நுணுக்கிவிட்டுக் கன்ஸ்ட்ரெயின்ட் இட்டரேஷனை (கணக்கை எத்தனை முறை திரும்பத் திரும்பச் சரிசெய்வது) கூட்டாமல் விட்டால், கணக்கு முடிவதற்குள் நேரம் முடிந்து துணி இழுபடும். அங்கேயும் எல்லோரும் முதலில் ஓடுவது ஸ்டிஃப்னஸுக்குத்தான்.

விறைப்பு வேண்டுமென்று டென்ஷனை ஏற்றுவது

டென்ஷன் என்பது துணி நீள்வதை எதிர்ப்பது, பெண்டிங் என்பது மடங்குவதை எதிர்ப்பது. கைக்குட்டையை எடுத்துப் பாவு நூல் போகும் திசையில் இழுங்கள், நீளாது. ஊடை திசையிலும் அப்படித்தான். மூலைக்கு மூலை இழுங்கள், சட்டென்று நீளும். தையல்காரர்கள் கிராஸ் கட் என்று சொல்வது இந்தத் திசையில் வெட்டுவதைத்தான். அந்த நெகிழ்ச்சி ஷியர். நெய்த துணிக்கு டென்ஷன் போதிய அளவு உயரத்திலேயே இருக்க வேண்டும், ஷியர் அதைவிடக் கீழே. மல்லும் கஞ்சி போட்ட வேட்டியும் வேறுபடுவது பெரும்பாலும் பெண்டிங்கில்.

பெண்டிங்கை அளக்க ஜவுளி ஆய்வுக்கூடங்களில் ஒரு பழைய சோதனை உண்டு. துணிப்பட்டையை மேடையின் விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளுவார்கள். அதன் நுனி 41.5 டிகிரி சரிவைத் தொடும்போது வெளியே எவ்வளவு நீளம் இருக்கிறதோ, அதில் பாதிதான் பெண்டிங் லெங்த். வீட்டில் இவ்வளவு வேண்டாம். இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை வெட்டி, மேசை விளிம்பில் 10 சென்டிமீட்டர் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். மென்பொருளில் அதே அளவுப் பட்டை, இறுதி மெஷ்ஷின் கட்ட அளவு, மேசைப் பகுதி முழுக்கப் பின். படமும் திரையும் ஒத்துப்போகும்வரை பெண்டிங்கை மட்டும் மாற்றுங்கள். என் சுங்குடிப் பட்டை கிட்டத்தட்ட நேர் கீழாகத் தொங்கியது, பட்டு வில் போல வளைந்து நின்றது. பத்து நிமிட வேலை. மூன்று நாள் ஊகம் மிச்சம்.

நடுக்கத்தை டாம்பிங்கால் மூடுவது

தண்ணீருக்குள் நடக்கும் பெண் கிடைப்பாள். நடுங்கினால் முதலில் ஸ்டெப்ஸைக் கூட்டுங்கள்.

செல்ஃப் கொலிஷனைக் கடைசிக்கு விடுவது

துணி தன்னையே ஊடுருவாமல் தடுப்பது இது. மடிப்புள்ள துணிக்கு முதல் சோதனையிலேயே போடுங்கள்.

முதல் ஃப்ரேமிலேயே நடக்க வைப்பது

நாற்பது ஃப்ரேமாவது முன்னால் நிற்கவிடுங்கள், துணி உடம்பில் அமரட்டும்.

கரையையும் உடலையும் ஒரே துணியாக நினைப்பது

தம்பியின் ஃபைலில் இன்னும் தீராதது இதுதான். ஜரிகைக் கரை உடல் பகுதியைவிடக் கனம், விறைப்பும் அதிகம். கொசுவ மடிப்பு கீழே விரிந்து நிற்பதே அதனால்தான். ப்ளெண்டரில் ப்ராப்பர்ட்டி வெயிட்ஸ் பகுதியில் கரைக்கு ஒரு வெர்டெக்ஸ் குரூப் வரைந்து அதிகபட்ச பெண்டிங்கை உயர்த்தலாம், விறைப்பு வந்துவிடும். கனத்துக்கு அப்படித் தனி குரூப் இல்லை. ஆனால் எடை வெர்டெக்ஸில் இருக்கிறதல்லவா, கரையில் மட்டும் தெரிந்தே கட்டங்களைச் சற்று நெருக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று இரவு கேஷ் எழுதப் போட்டிருக்கிறான்.