விண்டோஸ் 10 முடிந்தால் புதுக் கம்ப்யூட்டர்தானா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை நடத்தும் அக்கா ஒருவர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு ஆட்டோவில் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, விண்டோஸ் பத்து முடிஞ்சுபோச்சாம். இந்தப் பொட்டிக்குப் பதினொண்ணு ஏறாதுன்னு திரையிலேயே வருது. ஆன் பண்ணா டீ குடிச்சிட்டு வர நேரம் ஆவுது. குழுவுல நாற்பதாயிரம் கடன் வாங்கிட்டேன், நல்லதா ஒண்ணு சொல்லு" என்றார். திறந்து பார்த்தேன். ஐ3-8100 பிராசஸர், 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். அந்தக் கடன் தேவையே இல்லை. ஒரு எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்), இன்னொரு 4 ஜிபி ரேம், பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) ஒரு மாற்றம். மறுநாள் அதே பெட்டியில் விண்டோஸ் 11 ஓடியது.

இதுபோல வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். சிலர் வாங்கிவிட்டே வருகிறார்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எல்லாத் தவறுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பது ஒரு பிரச்சினை, விண்டோஸுக்கு ஆதரவு முடிந்தது வேறொரு பிரச்சினை. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் ஒன்றாகத் தெரிகிறது. காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை கேட்பது போலத்தான் இது. தனித்தனியாகப் பார்த்தால், பாதிப் பேருக்குச் செலவு சில ஆயிரத்தில் முடியும்.

முதலில் ஆதரவு விஷயம். 2015 ஜூலை 29இல் வந்த விண்டோஸ் 10க்கு, 2025 அக்டோபர் 14உடன் மைக்ரோசாப்ட் இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் நின்றுவிடாது. பில் போடலாம், பிரிண்ட் எடுக்கலாம். ஆனால் அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாது. இதற்கும் ஓர் இடைவழி உண்டு. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருக்கும் வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் பெறலாம். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைப் பேக்கப் செய்யச் சம்மதித்தால் பணம் வேண்டாம், இல்லையென்றால் 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதற்கான இணைப்பு இருக்கும். இது தெரியாமல், பள்ளிக் கட்டணம் கட்டுகிற மாதத்தில் தவணை போட்டு லேப்டாப் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நிதானமாக யோசிக்க அவர்களுக்கு அவகாசம் இருந்தது.

நேர் எதிரான தவறும் நடக்கிறது. "ஓடுதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம்." விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலேயே ஆதரவு முடிந்தது. 2023இல் குரோம் உலாவி 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. இன்னமும் அதில் நெட் பேங்கிங் செய்கிற கடைகள் நம் ஊரில் இருக்கின்றன. இணையம் இல்லாமல் பில் மட்டும் போடும் கம்ப்யூட்டர் என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பணம் போய் வரும் கம்ப்யூட்டர் என்றால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சரி, மெதுவாக இருப்பதற்கு வருவோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், டிஸ்க் என்ற இடத்துக்குக் கீழே எச்டிடி (சுழலும் ஹார்டு டிஸ்க்) என்றோ எஸ்எஸ்டி என்றோ போட்டிருக்கும். எச்டிடி என்று இருந்து, நீங்கள் எதுவும் செய்யாதபோதே அது 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால், மெதுவாவதற்குக் காரணம் அநேகமாக அந்த டிஸ்க்தான். பிராசஸரைக் குறை சொல்ல வேண்டாம். எஸ்எஸ்டி மாற்றினால் போதும். அதே டிஸ்க்கில் விண்டோஸ் 11 ஏற்றுவது பெரிய தவறு. முன்பு மெதுவாக இருந்தது, அதன் பிறகு நகரவே நகராது. "பதினொண்ணு சரியில்லை" என்று திட்டிக்கொண்டு வருபவர்களில் பலருடைய கதை இதுதான்.

கடற்கரை ஊருக்கென்று ஒரு சங்கதியும் இருக்கிறது. உப்புக் காற்றில் ரேமின் கால்கள் களிம்பு பிடிக்கும். திடீரென அணைவது, பீப் சத்தம், நீலத் திரை, இதெல்லாம் அதனாலும் வரலாம். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அந்தத் தங்க நிறப் பட்டைகளைத் தேய்த்து மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். சில்வர் பீச் பக்கமிருந்தும் முதுநகரிலிருந்தும் வருகிற பெட்டிகளுக்கு முதல் வைத்தியமே எங்களுக்கு அதுதான். "மதர்போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், இதைச் செய்து பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

விண்டோஸ் 11 ஏறுமா ஏறாதா என்பதை வாங்கிய வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். "ஐ5 இருக்கு, அப்ப ஏறும்" என்பதும் சரியில்லை. இன்டெல் பிராசஸரில் ஐ5க்கு அடுத்து வரும் எண்தான் முக்கியம். ஐ5-7200யு ஏழாம் தலைமுறை, பட்டியலில் இல்லை. ஐ5-8250யு எட்டாம் தலைமுறை, ஏறும். சில விதிவிலக்குகளைத் தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு. ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்து. கூடவே 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் (நம்பகமில்லாத மென்பொருள் எழும்பாமல் தடுக்கும் வசதி) வேண்டும். 4 ஜிபி என்பது ஏறுவதற்கான அளவு. வேலை செய்ய 8 வேண்டும் என்பது என் அனுபவம்.

அந்த அக்காவின் பெட்டி "ஏறாது" என்றதற்குக் காரணம் டிபிஎம். அது இல்லாமல் இல்லை, அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அசெம்பிள் செய்த பெட்டிகளில் இது சாதாரணம். பயாஸுக்குள் போனால் இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். அதை இயக்கினால் போதும். ஆனால் பூட் முறையை லெகஸி என்ற பழைய முறையிலிருந்து யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றும்போது கவனம் வேண்டும். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், மாற்றியதும் விண்டோஸ் எழும்பாது. விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் முதலில் டிஸ்க்கை மாற்றிவிட்டு, அப்புறம்தான் பயாஸைத் தொட வேண்டும். வீடியோ பார்த்து வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, எல்லாம் அழிந்துவிட்டது என்று பதறி வந்த பையன்கள் உண்டு. ஒன்றும் அழிந்திருக்காது. பயாஸைப் பழையபடி வைத்தால் எழும்பிவிடும்.

தகுதியில்லாத கம்ப்யூட்டரில் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். போட முடியும், பொய்யில்லை. ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்ற உறுதியை மைக்ரோசாப்ட் தருவதில்லை. பாதுகாப்புக்காகத்தான் மாறுகிறோம். அப்படியிருக்க, உத்தரவாதம் இல்லாத அப்டேட்டை நம்பி ஆடிட்டர் ஆபீஸோ இ-சேவை மையமோ நடத்த முடியாது. மிகப் பழைய கோர் 2 டுவோ பெட்டிகளில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு எந்தக் குறுக்கு வழியிலும் எழும்பாது. அந்தப் பிராசஸர்களில் அதற்குத் தேவையான கட்டளைகளே இல்லை.

இனி, என்னை அதிகம் வருத்துகிற தவறு. "டி டிரைவை காப்பி பண்ணிட்டேன், சி-யை ஃபார்மட் அடிச்சிடுங்க" என்பார்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோடும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது அவர்கள் நினைவுக்கு வராது. கணக்கு மென்பொருளான டாலியின் டேட்டாவும் பெரும்பாலும் சி-யில்தான் கிடக்கும். பழைய டாலி இஆர்பி 9 என்றால் அதன் சொந்த ஃபோல்டருக்குள், டாலி பிரைம் என்றால் யூசர்ஸ், பப்ளிக் என்று போய்ப் பார்க்க வேண்டும். லைசென்ஸை பழைய கம்ப்யூட்டரில் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஏற்ற வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த மனுக்கள், பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) அல்ல. கோப்பை மட்டும் எடுத்துவிட்டு எழுத்துருவை விட்டுவிட்டால், புதுக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் முழுவதையும் காப்பி எடுங்கள். நேரம் கிடைக்கும்போது பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இருபது வருடப் பத்திர மாதிரிகளை வைத்திருந்த எழுத்தர் ஒருவர் திரையைப் பார்த்துக் கண் கலங்கி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. எழுத்துருவைத் தேடிப் போட்டதும் எல்லாம் திரும்பி வந்தது. அந்த அரை நாள் அவர் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம்.

பேக்கப்பை அதே மேசை டிராயரில் வைப்பதும் தவறுதான். 2011 டிசம்பரில் தானே, 2015இல் வெள்ளம், 2024 நவம்பரில் பெஞ்சல். கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிரதி கடையில் இருந்தால் இன்னொன்று மாடி வீட்டுச் சொந்தக்காரரிடமோ கிளவுடிலோ இருக்கட்டும்.

மாறும் முன், கம்ப்யூட்டரோடு சேர்ந்து வேலை செய்யும் சாமான்களையும் எழுதிப் பாருங்கள்: ரசீது பிரிண்டர், டாட் மேட்ரிக்ஸ், ஸ்கேனர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன். விண்டோஸ் 11இல் 64 பிட் மட்டும்தான் உண்டு. 32 பிட் விண்டோஸுக்கென்று மட்டும் டிரைவர் வந்த பழைய ஸ்கேனர் அதில் ஓடாது. கம்ப்யூட்டர் வாங்கிய மறுநாள் ஸ்கேனரும் வாங்க வேண்டி வந்தால், போட்ட பட்ஜெட் தலைகீழாகிவிடும்.

வாங்கியே ஆக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெட்டி, விண்டோஸ் இல்லாமல் நடக்காத தொழில் என்றால் வாங்குவதுதான் சரி. மதர்போர்டில் ஏற்கெனவே ஒருமுறை கை வைத்திருந்தாலும், ரிப்பேர் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலும் நானே "விட்டுடுங்க" என்றுதான் சொல்வேன். ஆனால் வாங்கும் இடத்தில் சறுக்காதீர்கள்.

"பாண்டியில் வாங்கினால் வரி கம்மி" என்று பஸ் ஏறுபவர்கள் இன்னும் உண்டு. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபின் லேப்டாப்புக்கு இங்கேயும் அங்கேயும் ஒரே 18 சதவீதம்தான். நேரு வீதியில் நிறைய மாடல்களைப் பார்க்கலாம், பேரம் பேசலாம், அதற்காகப் போவது நியாயம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரண்டிக்குப் போய் நிற்கும்போது அந்தப் பில்லைத்தான் கேட்பார்கள்.

இரண்டாம் கை லேப்டாப் நல்லதுதான். ஆனால் கம்பெனிகள் கழித்துவிட்ட ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5க்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. விண்டோஸ் 10 முடிந்ததென்று அதை வாங்கினால் அதே இடத்துக்குத்தான் திரும்பி வருகிறீர்கள். புதிது என்ற ஒரே காரணத்துக்காக செலிரான் பிராசஸர், 4 ஜிபி ரேம் லேப்டாப் வாங்குவதும் அப்படித்தான். விண்டோஸ் 11 இருக்கும், வேகம் இருக்காது. எஸ்எஸ்டி போட்ட எட்டாம் தலைமுறை ஐ5 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். டாஸ் லேப்டாப் விலை குறைவாகத் தெரிவது விண்டோஸ் லைசென்ஸ் அதில் இல்லாததால். அந்தப் பணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கடையிலேயே மைக்ரோசாப்ட் கணக்குத் திறந்து தரும்போது உங்கள் மெயில் ஐடியையே போடச் சொல்லுங்கள். விண்டோஸ் 11 பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. அதைத் திறக்கும் மீட்புச் சாவி, நுழைந்த மைக்ரோசாப்ட் கணக்கில்தான் சேமிக்கப்படும். எனக்கு வந்த ஒரு லேப்டாப், விற்ற கடைப் பையனின் மெயிலில் திறக்கப்பட்டிருந்தது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பயாஸில் ஏதோ மாறி மீட்புச் சாவி கேட்டபோது கொடுக்க ஆள் இல்லை. குழந்தையின் முதல் வருடப் படங்கள் உள்ளேயே போயின.

டைப்பிங், படிப்பு, இணையம் மட்டும் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை யோசியுங்கள். அதில் உபுண்டு 24.04 என்ற வகைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, லினக்ஸ் மின்ட் என்ற வகை பழகவும் எளிது, தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். நம் பிள்ளைகளுக்கு அரசு 2011 முதல் கொடுத்த லேப்டாப்களிலேயே விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது, பலர் திறந்தே பார்க்கவில்லை. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவும், புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் இருக்கிறார்கள், கேட்டால் உதவுவார்கள். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, சவுண்ட், பிரிண்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு பதியலாம். டாலி, டிஜிட்டல் சிக்னேச்சர், கைரேகைக் கருவி என்று தொழில் செய்பவர்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்வதில்லை.

எந்த வழியில் போனாலும் பழைய டிஸ்க்கை உடனே அழிக்கவோ விற்கவோ வேண்டாம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஒருமுறை போட்டு, பிரிண்டர் ஒரு மாதம் ஓடி, பிள்ளையின் ப்ராஜெக்ட் ஃபைல் திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஜெராக்ஸ் கடை அக்காவின் பழைய ஹார்டு டிஸ்க், பெயர் எழுதிய கவரில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. போன வாரம்தான் அதிலிருந்து ஒரு ரேஷன் கார்டு ஸ்கேனை எடுத்து அனுப்பினேன்.