பொங்கலுக்குப் பிறகும் கணக்குப் பயிற்சி தொடர வேண்டுமா? இப்படிச் செய்யுங்கள்

ஜூனில் பள்ளி திறக்கும்போது உற்சாகத்துக்குக் குறைவே இருக்காது. சுவரில் எண் அட்டை, மூலையில் புளியங்கொட்டை டப்பா, பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சி. அரையாண்டுத் தேர்வும் பொங்கல் விடுமுறையும் முடிந்ததும் ஆண்டு விழா ஒத்திகை, விளையாட்டு விழா, பாடத்தை முடிக்கும் அவசரம் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். முதலில் பறிபோவது அடிப்படைக் கணக்குக்கு ஒதுக்கிய நேரம்தான். ஏப்ரல் தேர்வுக்கு ஏறக்குறைய 12 வாரம் இருக்கிறதே, அதை விடலாமா? 4, 5-ஆம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: அரையாண்டு விடைத்தாள்களை மறுபடி எடுங்கள்

மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தவறுகளை மட்டும் பாருங்கள். 402 − 187 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். விடை 215. ஒரு பிள்ளை 385 என்று எழுதியிருப்பாள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள். அவளுக்குக் கடன் வாங்குவதே பிடிபடவில்லை. இன்னொருவன் 315 எழுதியிருப்பான். பூஜ்ஜியத்தை 9 ஆக்கத் தெரிந்திருக்கிறது, நூறில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டான். இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி போட்டுவிடுகிறோம். ஆனால் இரண்டு பேருக்கும் மருந்து வேறு. இதற்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுங்கள். மீதி எல்லாப் படிகளும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

படி 2: ஒரே ஒரு திறனைத் தேர்ந்தெடுங்கள்

வகுப்பில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் எதுவோ அது. தமிழ்நாடு அரசின் அடிப்படை எழுத்து, கணக்குத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ 2022-ல் வந்ததிலிருந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்துப் பழகியிருக்கிறோம். ஜூனில் அரும்பு என்று குறித்த பிள்ளை ஜனவரிப் பட்டியலிலும் அப்படியே இருந்தால், அவளை மறுபடி உட்காரவைத்துப் பாருங்கள். பட்டியல்தான் பழையதாக இருக்கும்.

படி 3: தினமும் 10 நிமிடம், காலை வழிபாடு முடிந்தவுடன்

மதியத்துக்கு வைத்தால் ஒத்திகைக்குப் போய்விடும். காகித ரூபாய் நோட்டுகள் செய்துகொள்ளுங்கள். 402-க்கு நான்கு நூறு, இரண்டு ஒரு ரூபாய். “187 கொடு” என்று கேளுங்கள். சில்லறை இல்லாமல் விழிப்பார்கள். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தை ஒற்றை ரூபாயாக மாற்றினால் கையில் 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. என் வகுப்பில் ஒரு பிள்ளை நோட்டுகளை விரித்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், நூறை மாத்திட்டா மூணுதானே இருக்கும்! நான் நாலுன்னே வெச்சிருந்தேன்” என்றாள். கரும்பலகையில் நான் எத்தனையோ முறை சொல்லியும் ஏறாத விஷயம் அது.

படி 4: வெள்ளிக்கிழமை 5 கணக்கு

அதே வகைக் கணக்கு, எண்கள் மட்டும் வேறு. மதிப்பெண் வேண்டாம். தவறு எந்த வகை என்று உங்கள் நோட்டில் குறித்தால் போதும். ஒரு வாரம் தவறிப்போனாலும் பரவாயில்லை, அடுத்த வெள்ளி தொடருங்கள்.

படி 5: ஏப்ரலில் ஒரு துண்டுச் சீட்டு

அடுத்த ஆண்டு இந்தப் பிள்ளைகளை எடுக்கப்போகும் ஆசிரியருக்கு, ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நான் எழுதியதில் ஒன்று: “நடுவில் பூஜ்ஜியம் வந்தால் தடுமாறுவாள். நோட்டைக் கையில் கொடுங்கள், தானே சரிசெய்துகொள்வாள்.”