புதுப் பவளத்தை டிப் செய்யும் முறை: புழு உதிரும், முட்டை உதிராது

புதுப் பவளம் வீட்டுக்கு வரும்போது கூடவே ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டுதான் வரும். எவ்வளவு நம்பிக்கையான ஆள் கொடுத்தாலும் சரி. உப்புநீர்த் தொட்டியை நிலைப்படுத்துவது, உப்பளவு, ஆல்கலினிட்டி இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்: தொட்டியில் விடும் முன் பவளத்தை மருந்துத் தண்ணீரில் முக்கி, ஒட்டி வந்த பூச்சிகளை உதிர்ப்பது. இதைத்தான் டிப் என்கிறோம்.

1. முதலில் பாருங்கள்

நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை வெளிச்சத்தில், கையில் பூதக்கண்ணாடியோடு பாருங்கள். பவளத்தின் மேற்பக்கம் பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். அடிப்பக்கமும் நிழல் விழும் இடமும்தான் முக்கியம்.

அக்ரோபோராவில் (கிளை விட்டு வளரும் கல்பவளம்) வெளிறிய வட்ட வட்டப் புள்ளிகள் இருந்தால் தட்டைப்புழு கடித்த தடம் என்று சந்தேகப்படுங்கள். 2011-இல்தான் இந்தப் புழுவுக்கு முறைப்படி அறிவியல் பெயர் வைத்தார்கள். தின்ற பவளத்தின் நிறமே இதன் உடம்பிலும் தெரிவதால் கண்ணெதிரே இருந்தாலும் கண்ணுக்குப் படாது. மான்டிபோராவின் (இன்னொரு கல்பவள வகை) அடியில் சில மில்லிமீட்டர் நீளத்தில், முதுகில் குஞ்சம் வைத்த வெள்ளைப் பூச்சி மாதிரி ஊர்ந்தால் அது நுடிபிராங்க். ஓடில்லாத கடல் நத்தை. சோவாந்திட்களை (பொத்தான் மாதிரிக் கூட்டமாக வளரும் மென்பாலிப்புகள்) தின்னும் நுடிபிராங்க் வேறு வகை. அது அந்தப் பாலிப்பின் நிறத்திலேயே வேஷம் போட்டிருக்கும்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று கிண்ணங்கள், மூன்றிலும் உங்கள் தொட்டித் தண்ணீர். ஒன்றில் டிப் மருந்து, மற்ற இரண்டும் அலசுவதற்கு. ரப்பர் குமிழ் வைத்த பீச்சான், பழைய டூத்பிரஷ், போன் கட்டர் (பவளம் வெட்டும் கத்தரி), சூப்பர் க்ளூ ஜெல், புது ஃப்ராக் பிளக் (பவளத் துண்டை ஒட்டிவைக்கும் சின்ன அடிக்கட்டை), கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

மருந்தில் என் கட்சி: தாவரச் சாறு, எண்ணெய் கலந்து வரும் டிப். தட்டைப்புழு சீக்கிரம் பிடி விடும். அயோடின் டிப் காயம்பட்ட திசுவுக்கு நல்லது, புழுவுக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன். தோட்டத்துக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் பூச்சிமருந்தை டிப்பாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது பவளத்துக்கென்று செய்த பொருள் கிடையாது. மிச்சம் கொஞ்சம் தொட்டிக்குள் போனாலும் இறாலும் நண்டும் காலி. புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

3. டிப்

பவளம் வந்த பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பவளத்தோடு ஒட்டி வந்த பிளக்கை முதலிலேயே கழற்றி எறியுங்கள். அதன் அடியிலும் ஓட்டையிலும்தான் பாதிப் பூச்சிகள் குடியிருக்கும்.

மருந்தின் அளவும் நேரமும் லேபிளில் உள்ளபடியே இருக்கட்டும். பவளத்தைச் சும்மா ஊறப்போட்டால் போதாது. பீச்சானால் எல்லாப் பக்கமும், முக்கியமாக அடியிலும் கிளைகளின் கவட்டிலும், விடாமல் பீச்சுங்கள். கொஞ்ச நேரத்தில் எள் அளவு மெல்லிய ஏடுகள் ஓரம் சுருண்டபடி கிண்ணத்தின் அடியில் வந்து விழும். அதுதான் தட்டைப்புழு. அக்ரோபோராவுக்கு வெள்ளைக் கிண்ணம், மான்டிபோராவுக்குக் கறுப்புக் கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நுடிபிராங்க் வெள்ளைக் கிண்ணத்தில் விழுந்தால் தெரியவே தெரியாது.

அப்புறம் இரண்டு கிண்ணத்திலும் அலசிவிட்டு, டிப் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள்.

4. முட்டை

பலரும் மூன்றாவது படியோடு நிறுத்திவிட்டு, சில வாரம் கழித்து “டிப் செய்தும் திரும்ப வந்துவிட்டதே” என்கிறார்கள். காரணம் இதுதான்: எந்த டிப்பையும் நம்பி முட்டையை விட்டுவைக்க முடியாது. மருந்து முட்டையின் ஓட்டைத் தாண்டி உள்ளே போவதில்லை.

தட்டைப்புழு உயிருள்ள திசுவின் மேல் முட்டையிடாது. திசு செத்து எலும்பு வெளியே தெரியும் இடத்தில், பெரும்பாலும் பவளத்தின் அடிப்பாகத்தில், பழுப்பு மணிகளை நெருக்கி ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்த மணிகள் லேசாக மின்னும். மான்டிபோரா நுடிபிராங்க் முட்டை வெள்ளைக் கொத்து. சோவாந்திட் நுடிபிராங்க் முட்டை சுருள் சுருளாக, பாலிப்பின் தண்டிலோ குடைக்கு அடியிலோ இருக்கும்.

பிரஷ்ஷால் தேய்த்தாலே போய்விடும் என்று நினைக்காதீர்கள், பசை போட்டு ஒட்டிய மாதிரி பிடித்திருக்கும். செத்த அடிப்பாகத்தைப் போன் கட்டரால் உயிருள்ள திசு தொடங்கும் இடம்வரை வெட்டி எறிவதுதான் சுத்தமான வழி. ஒரு விரற்கடை பவளம் போகும், போகட்டும். வெட்ட முடியாத இடத்தைப் பிளேடால் சுரண்டிவிட்டு, வெளியே தெரியும் எலும்பு முழுவதையும் சூப்பர் க்ளூ ஜெல்லால் மூடிவிடுங்கள். தப்பிய முட்டை இருந்தாலும் அதற்குள்ளேயே அடைபடும். புதிதாக இடவும் இடம் இருக்காது.

5. தனித்தொட்டி

சின்னத் தொட்டி, மணல் வேண்டாம், விளக்கும் நீரோட்டமும் போதும். 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை திரும்ப டிப். குறைந்தது 6 வாரம் பவளம் இதிலேயே இருக்கட்டும், அப்புறம்தான் பெரிய தொட்டி. தண்ணீர் சூடாக இருந்தால் முட்டை சீக்கிரம் பொரியும், குளிர்ச்சியாக இருந்தால் தாமதமாகும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் அதைப் பிடிப்பதுதான் கணக்கு. நடுவில் ஒரு டிப்பில் ஒரு புழு விழுந்தாலும் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

பின்சேர்க்கை, கேள்விகள் வந்த பிறகு

“ஆறுகோட்டு ராஸ் மீன் விட்டால் போதாதா?” மீன் கண்ணில் பட்ட புழுவைக் கொத்தும். முட்டையைத் தொடாது. கூட ஒரு காவலாள், அவ்வளவுதான்.

“ஐப்டேசியாவையும் (தொல்லை தரும் சின்னக் கடல் அனிமோன்) இப்படிச் சுரண்டலாமா?” கூடவே கூடாது. பிய்ந்த ஒவ்வொரு துண்டும் புது ஐப்டேசியாவாக முளைக்கும். பம்பை நிறுத்திவிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியாகக் குழைத்து அதன் வாய்மேல் மெதுவாக வையுங்கள். ஐப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் வாங்குவதானால் முதுகைப் பாருங்கள். கூனல் முதுகும் சிவப்பில் வெள்ளைக் கோடுகளும் இருந்தால் அது ஒட்டக இறால், பவளத்தையே தின்னும்.

“சிவப்புப் பூச்சி?” அக்ரோபோராவின் மேல் நகரும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மஞ்சள் புள்ளி, அதில் சிவப்புப் பொட்டு. இதற்கு நாய்களுக்குக் கொடுக்கும் மில்பெமைசின் ஆக்ஸைம் கேட்கும், ஆனால் இறால், நண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும். அதனால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, தனித்தொட்டியில் மட்டும்.

சோவாந்திட், அதன் உறவான பாலித்தோவா வெட்டுகிறவர்கள் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். அவை வளர்ந்த கல்லைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் யோசனை வேண்டவே வேண்டாம், அந்த ஆவியைச் சுவாசித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.