கடல்மேல் நீராவி: செயற்கைக்கோள் சொல்லும் எண்ணைச் சரிபார்ப்பது எப்படி?

செயற்கைக்கோள் தரவைச் சரிபார்ப்பதுதான் என் வேலை என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் என் நேரத்தில் முக்கால்வாசி, கையில் வைத்திருக்கும் அளவுகோலைச் சரிபார்ப்பதிலேயே போய்விடுகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வதும் இதைத்தான்: வித்தியாசம் தெரிந்த உடனே கோளைத் திட்டாதீர்கள்.

எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து வளிமண்டலத்தின் உச்சிவரை ஒரு செங்குத்தான தூணை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள நீராவி முழுவதும் தண்ணீராகிக் கீழே தேங்கினால் எத்தனை மில்லிமீட்டர் உயரம் நிற்கும்? அதுதான் மொத்த நீராவி அளவு. வெப்பமண்டலக் கடல்களில் 50, 60 மி.மீ. சர்வசாதாரணம். துருவப் பக்கம் போனால் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதினாலும் எண் மாறாது. சென்டிமீட்டரில் எழுதும் கோப்புகளும் உண்டு, அவற்றில் 5.2 என்று பார்த்து அண்டார்டிகா என்று நினைத்துவிடக் கூடாது.

கடல்மேல் இந்த வேலைக்கு நுண்ணலைக் கருவிகள்தான் பிரதானம். 1987-இல் போன எஸ்எஸ்எம்/ஐ தொடங்கி 2012-இல் போன ஏஎம்எஸ்ஆர்2 வரை எல்லாம் 22.235 கிகாஹெர்ட்ஸில் இருக்கும் நீராவியின் நிறமாலைக் கோட்டையோ (நீராவி கதிர்வீச்சை உறிஞ்சி வெளிவிடும் அலைவெண்) அதன் பக்கத்தையோ பார்க்கின்றன. நுண்ணலையில் கடல் தன் வெப்பநிலைக்கு ஏற்ற கதிர்வீச்சில் ஏறக்குறைய பாதியைத்தான் வெளிவிடும். அதனால் கருவிக்குக் கடல் ஒரு குளிர்ந்த பின்னணி, மேலே இருக்கும் நீராவி அதில் பளிச்சென்று தெரியும். நிலம் அப்படியில்லை, அதுவே பளபளக்கும். இதனால்தான் கரையோரப் பிக்ஸல்களை நம்ப முடியாது. ஒரு பார்வைத் தடம், அதாவது கருவி ஒரே நேரத்தில் பார்க்கும் பரப்பு, பல பத்துக் கிலோமீட்டர் அகலம். அதன் ஓரத்தில் துளி நிலம் சிக்கினாலும் எண் கெட்டுவிடும். அகச்சிவப்புக் கருவிகளும் நீராவியைச் சொல்லும், ஆனால் மேகத்துக்குக் கீழே பார்க்காது. மேகமில்லாத நேரத்தை மட்டும் சேர்த்த சராசரி, எல்லா நேரத்தையும் சேர்த்ததைவிட வறண்டுதான் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு ஒன்றைக் குறை சொல்வது நியாயமில்லை.

சரி, கோப்பைத் திறக்கலாம். நான் அதிகம் பயன்படுத்தும் நாள் கோப்புகள் கால் டிகிரிக் கட்டங்களில் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 255 வரை ஒரு முழு எண் இருக்கும், அதை 0.3-ஆல் பெருக்கினால் மி.மீ. கிடைக்கும். ஆனால் 250 வரைதான் அளவு. அதற்கு மேலே வருவதெல்லாம் குறியீடு: கனமழை, கடல் பனி, தரவு இல்லை, நிலம். முதல் வாரத்தில் இதைப் படிக்காமல் பெருக்கினேன். உலகத்து நிலம் முழுவதிலும் 76.5 மி.மீ. நீராவி! 255-ஐ 0.3-ஆல் பெருக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். இப்போதெல்லாம் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் வரைபடம் போட்டுக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. தீர்க்கரேகை 0-விலிருந்து 360 வரையா, கழித்தல் 180-இலிருந்தா என்பதையும் அந்தப் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது அளவுகோல். நடுக்கடலில் யார் போய் அளப்பது? தீவுகளும் கப்பல்களும்தான் கதி.

பலூனில் ஏறிக்கொண்டே வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அளந்து வானொலியில் அனுப்பும் ரேடியோசாண்ட் பழைய நண்பன். ஆனால் பகலில் அதன் ஈரப்பத உணரியை வெயில் சூடாக்கும், அதனால் காற்று இருப்பதைவிட வறண்டதாகத் தெரியும். ஆர்எஸ்92 வகையில் இது நன்றாகப் பதிவான குறை. அதனால் பகல் ஏற்றங்களையும் இரவு ஏற்றங்களையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. பகலில் மட்டும் செயற்கைக்கோள் அதிகம் காட்டுகிறது, இரவில் பொருந்துகிறது என்றால் பலூன்மீதுதான் சந்தேகம் போக வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் பிழை எவ்வளவு என்று சொல்லி, திருத்தம் செய்து தரும் க்ரூவான் (மேல்வளி அளவுகளுக்கான உலகளாவிய நிலைய வலையமைப்பு) நிலையங்களின் தரவு கிடைத்தால் அதையே எடுங்கள். எந்த வகைக் கருவி, எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திடீரென்று ஒரு மாதத்தில் வித்தியாசம் படிபோல் குதித்தால் வானம் மாறவில்லை, கருவி மாறியிருக்கும்.

தீவு என்றாலே கடல் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. பசிபிக்கில் நவ்ரு ஒரு குட்டித் தீவு, சுமார் 21 சதுர கி.மீ. பகலில் அந்தத் தரை சூடாகி, காற்றுப் போகும் பக்கம் நீளமாக ஒரு மேகவாலையே உண்டாக்கிவிடுகிறது. அங்கே பல ஆண்டுகள் அளந்தவர்கள் இதற்காகவே தனியாக ஒரு ஆய்வு நடத்த வேண்டியதாயிற்று. பவளத் திட்டுகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. இந்தியப் பெருங்கடலில் 2011-12-இல் நடந்த டைனமோ ஆய்வில் மாலத்தீவின் கான் தீவிலிருந்து மூன்று மணிக்கு ஒரு பலூன் விட்டார்கள். அப்படி நெருக்கமாக எடுத்த தரவு கிடைத்தால் விடாதீர்கள்.

ஜிபிஎஸ் நிலையங்கள் என் செல்லப்பிள்ளை. நீராவி ஜிபிஎஸ் சமிக்ஞையைத் தாமதப்படுத்தும், அந்தத் தாமதத்திலிருந்து நீராவியைக் கணக்கிடலாம். வெயில், மேகம், மழை எதுவும் பெரிதாகப் பாதிக்காது, சில நிமிடங்களுக்கு ஒரு மதிப்பு வந்துகொண்டே இருக்கும். ஆனால் காற்றழுத்தம் சரியாகத் தெரிய வேண்டும்: 1 ஹெக்டோபாஸ்கல் தவறினால் நீராவியில் ஏறக்குறைய 0.35 மி.மீ. தவறும். அழுத்தமானி ஆன்டெனாவுக்கு எட்டு மீட்டர் கீழே இருந்தாலே 1 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வந்துவிடும்.

உயரத்தில்தான் நான் அசிங்கப்பட்டேன். செயற்கைக்கோள் கடல் மட்டம்வரை பார்க்கிறது. ஆன்டெனா ஒரு குன்றின்மேல் இருந்தால் அதற்குக் கீழே உள்ள நீராவியைத் தவறவிடும். நீராவி மேலே போகப் போக வேகமாகக் குறையும், அந்தக் குறைவின் அளவுகோல் உயரம் (நீராவி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஏற வேண்டிய உயரம்) சுமார் 2 கி.மீ. ஆக, ஆன்டெனா 120 மீட்டரில் இருந்து 50.5 மி.மீ. காட்டினால், கடல் மட்டத்துக்கு இறக்கும்போது சுமார் 6 சதவீதம் கூடி 53.6 ஆகும். செயற்கைக்கோள் 54 என்றால் உண்மையான வித்தியாசம் வெறும் 0.4. திருத்தாமல் விட்டால் 3.5 மி.மீ. என்று பூதாகரமாகத் தெரியும்.

இதெல்லாம் தெரிந்துதான் ஒரு பவளத் தீவு நிலையத்துக்குத் திருத்தம் போட்டேன். நிலையக் கோப்பில் உயரம் கழித்தல் 92 மீட்டர் என்று இருந்தது. நிரல் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 54-ஆக இருந்த ஜிபிஎஸ் மதிப்பு 51.6-ஆகக் குறைந்தது. செயற்கைக்கோள் 2.4 மி.மீ. ஈரமாகக் காட்டுகிறது என்று குழுக் கூட்டத்தில் அழகாகப் படம் போட்டுக் காட்டினேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அந்த ஆன்டெனா கடலுக்கடியிலா இருக்கு?"

ஜிபிஎஸ் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்ததல்ல, பூமிக்குப் பொருத்திய கணித நீள்கோளத்திலிருந்து அளந்தது. இலங்கைக்குத் தெற்கே கடல் மட்டம் அந்தக் கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே பள்ளமாக இருக்கிறது, உலகத்திலேயே ஆழமான பள்ளம் அதுதான். அந்த வேறுபாட்டைச் சேர்த்தபோது ஆன்டெனா கடலுக்கு மேலே சில மீட்டரில் ஒழுங்காக நின்றது. செயற்கைக்கோள்மீது நான் சுமத்திய பழி மறைந்துபோனது.

அப்புறம் செயற்கைக்கோள் அளவையும் நிலைய அளவையும் ஜோடி சேர்ப்பது. நான் பெரும்பாலும் 50 கி.மீ. தூரம், ஒரு மணி நேர இடைவெளிக்குள் வருவதை எடுப்பேன். இந்த எண்ணில் புனிதம் எதுவும் இல்லை. உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்று ஜிபிஎஸ் தரவே சொல்லும்: இப்போதுள்ள மதிப்பையும் ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய மதிப்பையும் கழித்து, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதை) பாருங்கள். அது 1.5 மி.மீ. என்றால், அந்த அளவு குழப்பத்துக்குக் கருவி பொறுப்பல்ல, இயற்கையே அப்படி. பலூனில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 00 மணி என்று குறித்த பலூன் பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி முன்பே கிளம்பியிருக்கும். நொடிக்கு 5 மீட்டர் ஏறுகிறது என்றால் நீராவியில் பெரும்பகுதி இருக்கும் முதல் 5 கி.மீ.-ஐப் பதினேழு நிமிடங்களில் தாண்டிவிடும். கோப்பின் தலைப்பில் இருக்கும் மணியை விட்டுவிட்டு, கிளம்பிய உண்மையான நேரத்தை எடுங்கள்.

ரீஅனாலிசிஸ் தரவோடு, அதாவது பழைய அளவுகளை வானிலைக் கணினி மாதிரியில் ஊட்டி மறுபடி உருவாக்கிய தரவோடு, ஒப்பிட ஆசை வரும், கட்டம் கட்டமாக ஓட்டையே இல்லாமல் அழகாக இருக்கும். ஈஆர்ஏ5 போன்றவை இதே நுண்ணலைக் கருவிகளின் அளவுகளைத் தின்றுதான் வளர்கின்றன. பொருந்தாவிட்டால்தான் அதிசயம்.

கணக்குக்கு வருவோம். ஒட்டுறவு (இரண்டு தரவுகளும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று சொல்லும் எண், உச்சம் 1) 0.98 என்று காட்டி மகிழ்கிறவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துருவத்தின் 5 மி.மீ.-ஐயும் வெப்பமண்டலத்தின் 60-ஐயும் ஒரே படத்தில் போட்டால் எந்தக் கருவிக்கும் 0.98 வரும். சராசரி வித்தியாசமும் திட்ட விலக்கமும் போதும். பிறகு அவற்றை உடைத்துப் பாருங்கள்: காற்று வேகம் கூடும்போது வித்தியாசம் சாய்கிறதா, கடல் வெப்பநிலையோடு மாறுகிறதா, மழைக்குப் பக்கத்துக் கட்டங்களில் தாவுகிறதா? கருவியின் உண்மையான குறை இங்கேதான் ஒளிந்திருக்கும். நீராவி அளவை வைத்துப் பிரிக்கும்போது பலூன் மதிப்பை மட்டும் வைத்துப் பிரித்தால் அதன் பிழையே போலியான சாய்வை உண்டாக்கும், இரண்டின் சராசரியை வைத்துப் பிரியுங்கள்.

சாராத மூன்று தரவுகள் கிடைத்தால் யார் எவ்வளவு தவறு என்பதையே பிரிக்கலாம். உதாரணத்துக்கு, வித்தியாசங்களின் மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) செயற்கைக்கோள்–ஜிபிஎஸ் 5, செயற்கைக்கோள்–பலூன் 7, ஜிபிஎஸ்–பலூன் 6 என்று வைத்துக்கொள்வோம். 5-ஐயும் 7-ஐயும் கூட்டி 6-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 3. அதன் வர்க்கமூலம் 1.7 மி.மீ., இதுதான் செயற்கைக்கோளின் பங்கு. இதேபோல் செய்தால் ஜிபிஎஸ்ஸுக்கு 1.4, பலூனுக்கு 2. அளவுகோல் என்று நம்பிய பலூனே இங்கே மோசம். மூன்றின் பிழைகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

பல ஆண்டுத் தரவு என்றால் காலத்தோடு நகர்கிறதா என்பதையும் பாருங்கள். ஏஎம்எஸ்ஆர்-இ 2011 அக்டோபரில் சுழல்வதை நிறுத்தியது, ஏஎம்எஸ்ஆர்2 மேலே போனது 2012 மே மாதம். இரண்டையும் நேராக ஒட்ட முடியாது, அந்த இடைவெளியில் இயங்கிய வேறொரு கருவியைப் பாலமாக வைக்க வேண்டும். ஒட்டிய பிறகு கடல் வெப்பநிலையோடு ஒரு முறை ஒப்பிட்டுவிடுவேன். ஒரு டிகிரி சூடானால் நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூட வேண்டும். என் தொடர் 15 சதவீதம் கூடியது என்று சொன்னால் கட்டுரை எழுத உட்கார மாட்டேன், ஒட்டிய மாதத்துக்குத் திரும்பிப் போய் நிலையக் கோப்புகளை மறுபடி திறப்பேன். முதலில் உயரம் இருக்கும் வரியை.