ஐந்து கொப்பியில் ஒரே பிழை: பொது கோட் லைப்ரரி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவர் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதை அதிலுள்ள மூன்று எண்கள் சொல்லும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆனால் எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே எண்ணுகிறார்கள். லீப் இல்லாத ஆண்டில் மார்ச் 1ஆம் திகதி பிறந்தவருக்கும் 61தான். இது தெரியாமல் ஜனவரி 1இலிருந்து வழக்கம்போல நாட்களைக் கூட்டிப் போனால், லீப் இல்லாத ஆண்டுகளில் மார்ச் முதல் பிறந்த எல்லோருடைய திகதியும் ஒரு நாள் தள்ளிப் போய்விடும்.

நான் முன்பு வேலை செய்த கொழும்பு நிறுவனம் ஒன்றில் இந்தக் கணக்கு ஐந்து புரொஜெக்ட்களில் ஐந்து கொப்பியாக இருந்தது. ஒன்றில் பிழையைத் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்தோம். மற்ற நான்கிலும் அது அப்படியே கிடந்தது. பொது லைப்ரரி, அதாவது பல புரொஜெக்ட்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரே கோட் தொகுப்பு, வேண்டியது இப்படியான கோட்டுக்குத்தான். விதியை வகுப்பது ஒரே திணைக்களம். அது மாறினால் எல்லா அப்புக்கும் ஒன்றாகவே மாறும். 2016இல் 12 இலக்க அட்டை வந்தபோது அப்படித்தான் நடந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் பொதுவாக்கத் தொடங்கினோம். பெரிய தவறுகளைச் செய்தது அப்போதுதான்.

பார்க்க ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாக்குவதுதான் முதல் தவறு. அதிகம் நடப்பதும் இதுதான். ஒரு புரொஜெக்டில் ஓடிபி அனுப்ப இலக்கம் வாங்கினோம், இன்னொன்றில் வாடிக்கையாளரின் தொடர்பு இலக்கம். இரண்டுமே 0 இல் தொடங்கும் 10 எண்கள்தானே என்று ஒரே ஃபங்ஷனாக மாற்றினோம். அப்புறம் பார்த்தால், ஓடிபிக்கு 07 இல் தொடங்கும் கைத்தொலைபேசி மட்டும்தான் சரி. தொடர்பு இலக்கத்துக்கோ வீட்டில் இருக்கும் 011 இணைப்பும் சரி. உள்ளே ஒரு ‘இஃப்’ நிபந்தனை போட்டோம். பிறகு வெளிநாட்டு இலக்கத்துக்கு இன்னொன்று. ஒரு வருடத்தில் அந்த ஃபங்ஷனுக்கு நாலு ஃபிளாக், அதாவது எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ஆம்/இல்லை தெரிவுகள். எதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் டீமில் ஒருவர்கூட இல்லை. கடைசியில் அதைப் பழையபடி இரண்டாகப் பிரித்தோம். இரண்டு கோட் ஒரே காரணத்துக்காக மாறுமா என்று பாருங்கள். மாறாது என்றால் இரண்டு கொப்பியாகவே இருக்கட்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்தது, மாறும் தரவை லைப்ரரிக்குள் பூட்டி வைப்பது. வற் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் 8 சதவீதத்திலிருந்து 12 ஆனது, செப்டம்பரில் 15, 2024 ஜனவரி 1 முதல் 18. வீதத்தை லைப்ரரியில் ஒரு மாறிலியாக எழுதி வைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லா அப்பையும் ஒரே இரவில் புதிதாக பில்ட் செய்து ஏற்ற வேண்டும். அதைவிட மோசமான சிக்கலும் உண்டு. 2023இல் போட்ட பில்லுக்கு இன்று கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்) கொடுத்தால், அதில் 15 சதவீதம்தான் வர வேண்டும். ஆகவே வீதமும் அது நடைமுறைக்கு வந்த திகதியும் டேட்டாபேஸில் இருக்கட்டும். பில்லின் திகதிக்குரிய வீதத்தைக் கொடுத்தால் கணக்குப் போடுவது மட்டும்தான் லைப்ரரியின் வேலை.

‘காமன்’ (பொதுவானது) என்று பெயர் வைத்த லைப்ரரியைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கும். அந்தப் பெயருக்குள் எதைப் போட்டாலும் பொருந்திவிடும். திகதி, எஸ்எம்எஸ், பிடிஎஃப் எல்லாம் ஒன்றாகச் சேரும். அடையாள அட்டையைச் சரிபார்க்க மட்டும் வந்த சின்ன அப், பிடிஎஃப் வேலைக்கான பக்கேஜையும் (வேறொருவர் எழுதிய கோட் தொகுப்பு) சுமக்கும். அந்தப் பக்கேஜின் வெர்ஷன் அப்பில் ஏற்கனவே இருப்பதோடு மோதும். செய்யும் வேலையின் பெயரையே லைப்ரரிக்கு வையுங்கள். அந்தப் பெயருக்குள் அடங்காதது தானாகவே வெளியே நின்றுவிடும்.

இன்னொன்று, லைப்ரரியே லாக் (அப்பில் நடப்பதைப் பதிந்து வைக்கும் குறிப்பு) எழுதுவது. எங்கள் சரிபார்ப்பு ஃபங்ஷன், தவறான அட்டை இலக்கம் வந்தால் அதை முழுதாக லாக்கில் எழுதியது. எந்த அப்பின் லாக் எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று லைப்ரரிக்குத் தெரியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இதைச் சாதாரணமாக விடக்கூடாது. பிழையைத் திருப்பி அனுப்புவதோடு நிறுத்துங்கள். என்ன எழுதுவது என்று அப் முடிவு செய்யட்டும்.

வெர்ஷன் விஷயம் சுருக்கமாக. 2.4.1 போன்ற மூன்று எண் முறையில், பழைய கோட்டை உடைக்கும் மாற்றம் என்றால் முதல் எண்ணைக் கூட்ட வேண்டும். ‘சின்ன மாற்றம்தான்’ என்று கடைசி எண்ணை மட்டும் கூட்டினால், அதை நம்பித் தானாக அப்டேட் ஆகும் புரொஜெக்ட்கள் காலையில் உடைந்து கிடக்கும். அப்களும் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாமல் குறிப்பிட்ட வெர்ஷனையே பிடித்து வைக்கட்டும். வெளிப் பக்கேஜ்களை உள்ளே இழுக்கும்போதும் யோசியுங்கள். 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரிப் பக்கேஜை, ஜாவாஸ்கிரிப்ட் பக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து அதை எழுதியவர் நீக்கியபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ பில்ட்கள் உலகெங்கும் நின்றுபோயின. 11 வரி என்றால் நாமே எழுதிவிடலாம்.

பழைய ஃபங்ஷனை ஒரே நாளில் அழித்துவிடவும் வேண்டாம். ‘இனி இதைப் பயன்படுத்த வேண்டாம்’ என்ற எச்சரிக்கையோடு ஒரு ரிலீஸ் விடுங்கள். புதியது எது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எந்தெந்த புரொஜெக்டில் அது அழைக்கப்படுகிறது என்று தேடி, அந்தந்த டீமிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கடைசி அழைப்பும் போன பிறகு, அடுத்த பெரிய வெர்ஷனில் எடுத்துவிடலாம்.